பிரிண்டில் விழாத முதல் எழுத்து

பிரிண்டு பழனியண்ணன் போய்விட்டார். நேற்றுக் காலை, நாமக்கல்லில்... தூக்கத்திலேயே.

நல்ல மனுஷன் என்று நாலு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். அவர் நல்ல மனுஷன்தான், அதில் சந்தேகமில்லை. மீதி என்னைப் பற்றியது.

தெரியாதவர்களுக்கு... லாரிக்கு எஃப்.சி. காட்டப் போனால் வண்டியின் அடிச்சட்டத்தில் அடித்திருக்கும் சேஸ் நம்பரைப் பென்சிலில் பிரிண்ட் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் வருஷக்கணக்காக அந்த வேலையைச் செய்தவர்.

மண்ணெண்ணெய்த் துணியால் கிரீஸைத் துடைப்பார். மெல்லிய தாளை நம்பர் மேல் வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்ப்பார்.

"மொத எழுத்து உழுந்துச்சான்னு பாருங்க. அது உழுகாட்டி வண்டியே வேறீங்க" என்று எல்லா புரோக்கரிடமும் சொல்வார்.

சாயங்காலமானால் எங்கள் ஆர்கெஸ்ட்ராவில் கிட்டார். மடியில் படுக்க வைத்து, கம்பி மேல் இரும்புக் கட்டையை இழுத்து வாசிக்கிற பழைய எலெக்ட்ரிக் கிட்டார், அமெரிக்காவில் செய்தது.

அது வந்த கதையைக் கேட்காத ஆளே கிடையாது. அவருடைய அப்பா சூரமங்கலத்தில் ஒரு ரயில்வே துரை வீட்டில் சமையல்காரர். சுதந்திரம் வந்த வருஷம் துரை ஊருக்குக் கிளம்பும்போது அதைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாராம்.

அண்ணனின் மச்சினன் மட்டும் நம்ப மாட்டார். "தொரை குடுத்தாரா, தொரை தூங்கறப்ப இவுங்கப்பன் எடுத்தாரா" என்பார், அண்ணனின் காதில் விழுகிற மாதிரியே.

ஒரு தடவை மேச்சேரியில் திருவிழாக் கச்சேரி. நான் ரிதம் கிட்டார்... பாட்டின் நடுவில் அண்ணன் நிறுத்திவிட்டு மைக்கில் சொன்னார். "தம்பிக்கு இன்னும் சுருதி சேரலீங்க. ஒரு அஞ்சு நிமிசம் பொறுத்துக்குங்க."

கூட்டமே சிரித்தது. அவர் அன்றைக்கே மறந்திருப்பார், நான் மறக்கவில்லை.

அப்புறம்தான் சேலத்தில் கடை போட்டேன். பழைய கிட்டார்களின் சீரியல் நம்பரைப் பார்த்து எந்த வருஷம் செய்தது என்று இங்கே முகநூலில் பதிவு போட ஆரம்பித்தேன். எக்ஸ்பர்ட் என்று நீங்கள்தான் பட்டம் கொடுத்தீர்கள்.

அண்ணனின் பேரனுக்குக் காதுகுத்து. சொந்தபந்தம் எல்லாம் இருக்கும்போது கிட்டாரை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

"சாமி, இது எந்த வருசத்துதுன்னு எல்லாத்துக்கும் கேக்கற மாதிரி சொல்லு. எங்கப்பன் பேரு சுத்தமாவட்டும்."

நம்பர் கிட்டாரின் தலைப் பக்கம், பின்னால் அடித்திருந்தது. அழுக்கு மூடிப் பாதி தெரியவில்லை. பென்சிலும் தாளும் எடுத்து, "நானே எடுத்துத் தாரேன்" என்றார்.

"குடுங்கண்ணா, எனக்குத் தெரியும்" என்று பிடுங்கிக்கொண்டேன். துடைக்கவில்லை. தேய்த்தேன். ஐந்து எண்கள் விழுந்தன.

அதைச் செய்த கம்பெனி இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னால் செய்த கிட்டார்களில் எண்ணுக்கு முன்னால் ஒரு எழுத்து இருக்கும். வெறும் எண் என்றால் ஐம்பதுகளில் செய்தது.

"ஐம்பதுகளில் செஞ்சதுண்ணா. உங்க துரை போன பிறகு."

மச்சினன் கையைத் தட்டினார். "அப்பறம் எங்கிருந்து தூக்கியாந்தாரு உங்கப்பன்?" என்று கேட்க, அண்ணனின் மனைவியே சிரித்துவிட்டார்.

"எங்கப்பன் பொய் சொல்றவரில்லீங்க" என்றார் அண்ணன், யாரையும் பார்க்காமல். எனக்கு அது இனித்தது, மறைக்க விரும்பவில்லை. ராத்திரியே பதிவும் போட்டேன்... நீங்கள் அத்தனை பேரும் சிரித்தீர்கள்.

இதுவரை தவறு. இதற்கு அப்புறம் நடந்ததற்கு அந்தப் பெயர் கிடையாது.

இரண்டு மாதம் கழித்துக் கம்பி மாற்றக் கடைக்குக் கொண்டுவந்தார். அவர் டீ குடிக்கப் போயிருந்தபோது மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். ஐந்து எண்களுக்கு முன்னால் சின்னதாக ஒரு 'பி' இருந்தது.

யுத்தத்துக்கு முந்தியது. அவருடைய அப்பா சொன்னது பொய்யில்லை.

கம்பியை மாட்டினேன். பெட்டியில் வைத்து மூடினேன். டீ குடித்துவிட்டு வந்தவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நம்பரை மறுக்கா ஒருக்கா பாக்கலாமா சாமி?"

"நம்பர் என்ன மாறவாண்ணா போகுது?"

"அதுஞ் செரிதான்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அவருக்குக் கண்ணில் அப்போதே புரை. வாழ்க்கை முழுக்க அடுத்தவன் வண்டிக்கு எழுத்தைத் தேடிக் கொடுத்தவரால் தன்னுடையதைப் பார்க்க முடியவில்லை.

அப்புறம் அவர் கச்சேரிக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. பதிவை அழிக்க வேண்டிவருமே என்பதுதான் என் கவலையாக இருந்தது.

நேற்று எல்லாம் முடிந்து கிளம்பும்போது அவர் மனைவி பெட்டியோடு வந்தார். "இதக் கொண்டு போயிருங்க தம்பி. திருட்டுச் சாமான் ஊட்ல வேண்டாம்னு எந்தம்பி சொல்றான்."

சொல்லியிருக்கலாம்... வாய் வரைக்கும் வந்தது. "சரிங்கக்கா" என்று வாங்கிக் காரில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அவர் வீட்டில் யாரும் முகநூலில் இல்லை. அது தெரிந்துதான் இங்கே எழுதுகிறேன்.

படத்தில் இருப்பது இன்று காலை எடுத்த பிரிண்ட். துடைத்துவிட்டு, அண்ணா, நீங்கள் எடுக்கிற மாதிரியே பென்சிலைச் சாய்த்துப் பிடித்து எடுத்தேன்.

மொத எழுத்து உழுந்துருச்சுங்கண்ணா.

போயிட்டு வாங்க.