தலைகீழாகக் கட்டாத கயிறு

பதினொரு மணிக்கு அறிக்கை மேலே போக வேண்டும். மணி ஒன்பதரை. விழிஞ்ஞம் கடலிலிருந்து முந்தின நாள் எடுத்து வந்த அளவுகள் திரையில் இருந்தன. மேல் தண்ணீரைவிட அடித் தண்ணீர் சூடு. டிசம்பரில் வந்ததும் இதே கோலம்தான்.

டிசம்பரில் நான் செய்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். கரையோரக் கடலில் பனிக்கால நீரோட்டம் வெப்பத்தை எப்படிக் கொண்டுபோகிறது என்று பார்ப்பது எங்கள் வேலை. வெப்பமும் உப்பும் அளக்கும் கருவிகளைக் கோத்த கயிறு ஒன்றை, ஒரு முனை கடலடிக் கல்லிலும் மறுமுனை மிதவையிலுமாக, விழிஞ்ஞத்துக்காரர் ஒருவர் மூழ்கிக் கட்டுவார். அவிழ்த்துக் கொண்டுவருவதும் அவரே. அளவுகள் தலைகீழாக வந்ததும் நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. சூட்டுத் தண்ணீர் மேலேதானே நிற்கும்? ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டு வெந்நீர் அண்டாவில் கைவிட்டாலே தெரியுமே! வரிசையைத் திருப்பிப் போட்டேன்.

"டைவர் கயிற மாத்திக் கட்டிட்டார் சார்" என்றேன்.

ஆபீசர் நாகர்கோவில்காரர், முன்கோபி. "அந்த ஆள இனி கூப்பிடாண்டாம், கேட்டியா?" என்று முடித்துவிட்டார்.

ஜனவரியில் வேறு ஆள். இந்தத் தடவை நானே படகில் போய், ஒவ்வொரு கருவியின் எண்ணையும் விரல் வைத்துப் பார்த்துத்தான் இறக்கினேன். அப்படியும் அடியில் சூடு.

அப்புறம்தான் மூளை வேலை செய்தது. உப்பின் அளவை எடுத்துப் பார்த்தேன். பனிக்காலத்தில் வங்கக் கடல் தண்ணீர் கன்னியாகுமரியைச் சுற்றி நம் கரையோரமாக வடக்கே போகிறது. மழையும் ஆறும் கலந்த, உப்புக் குறைந்த தண்ணீர். ஆறிப்போனாலும் லேசாக இருப்பதால் மேலேயே நிற்கிறது. உப்புக் கனத்த சூட்டுத் தண்ணீர் அதற்கடியில் மூடி போட்டதுபோல் அடைபட்டுக் கிடக்கிறது. பட்டம் வாங்கிய நான் மறந்து தொலைத்தது இதைத்தான்.

என் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது, நீட்டுவது ஆபீசர் கையில். இதையும் திருப்பிப் போட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. பத்து ஐம்பதுக்கு எழுந்து ஆபீசர் அறைக்குப் போனேன்.

"சார், டிசம்பர்ல கயிறு சரியாத்தான் இருந்தது. அளவத் திருப்பிப் போட்டது நான்தான்."

அவர் என்னையே பார்த்தார். "ஒருத்தன் சோத்துல மண்ணள்ளிப் போட்டிருக்கியே, தெரியுமா?" என்றார். அறிக்கையை நிறுத்தினார். "மொதல்ல அவன்கிட்டப் போய்ச் சொல்லு."

சாயங்காலம் விழிஞ்ஞம் துறைமுகத்தில் அந்தப் பழைய டைவரைக் கண்டுபிடித்தேன். ஐஸ் பெட்டி சுமந்துகொண்டிருந்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை.

"கெட்டினது நான்தானே மேடம்? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. தனு மாசத்துல, உங்க மார்கழியில, அடியில சூடுன்னு இங்க முங்குற எல்லாருக்கும் தெரியும்."

அவருடைய நம்பர் என் போனில் இருந்தது. டிசம்பரில் அதைத் தொடக்கூட எனக்குத் தோன்றவில்லை.

பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்துவிட்டார். அடுத்த மாதம் கயிறு கட்ட வருவாரா என்று கேட்கவும் நினைத்துப் போயிருந்தேன், வாய் வரவில்லை.