பச்சை அம்பும் குங்குமப் பொட்டும்

எங்கள் ஆபீஸில் அதை 'எதிர்காலம்' என்றுதான் சொல்வார்கள். தலையில் மாட்டிக்கொள்கிற கனமான கண்ணாடி, அவ்வளவுதான். மாட்டிக்கொண்டு மிஷினைப் பார்த்தால் அதன்மேல் ஒரு பச்சை அம்பு தெரியும். எந்த மூடியைத் திறக்க வேண்டும், எதைத் துடைக்க வேண்டும் என்று எழுத்தும் வரும். மிஷினைப் பழுது பார்க்கிற பிட்டர் வரும்வரை காத்திருக்க வேண்டாமாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் எட்டுப் பேர் உட்கார்ந்து இந்த எதிர்காலத்தைச் செய்துகொண்டிருந்தோம். மழை தூறினால் கரண்ட் போகும். எதிர்காலமும் கூடவே போகும்.

நான் அங்கே டெஸ்டர். தப்பு கண்டுபிடிப்பது என் வேலை. நான் கண்டுபிடித்ததைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருப்பது மற்றவர்களின் வேலை. மேனேஜர் பெங்களூரில் ஏழு வருஷம் இருந்தவர். அதை ஒரு நாளைக்கு நாலு முறையாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஒரு மில்லுக்குள் அவர் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் நின்று நான் பார்த்ததில்லை. பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளாதாம்.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில் எங்கள் கண்ணாடியைப் போட்டுப் பார்க்கச் சம்மதித்தது. முதலில் ஒரு மிஷினை நாலு பக்கமும் படம் பிடித்து, கண்ணாடிக்கு அதை அடையாளம் பழக்க வேண்டும். அதற்கு மிஷின் நிற்க வேண்டும். ஆயுத பூஜை அன்றைக்கு நிற்கும், வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். போய் எடுத்தோம். நூல் நூற்கிற அந்த ரிங் பிரேம் மிஷின் சந்தனமும் குங்குமமும் மாலையுமாகக் கல்யாணப் பெண் மாதிரி நின்றது. இந்த அலங்காரம் நாளைக்கு இருக்காதே என்று படித்தவர்கள் எட்டுப் பேரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

ஒரு மாதம் கழித்துப் போனால் கண்ணாடி அந்த மிஷினைத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. ரிங் பிரேம்கள் எல்லாம் அச்சு அசல் ஒன்றுபோல இருப்பவை. இதுதான் அந்த மிஷின் என்று கண்ணாடி மனதில் வைத்திருந்தது முழுக்க அன்றைய குங்குமப் பொட்டுகளைத்தான். விஷயத்தை எழுதி மேனேஜரிடம் கொடுத்தேன். மறுபடி படம் பிடித்துச் சேர்க்க மூன்று வாரம் ஆகும். மில் முதலாளி பார்க்க வருவதோ வெள்ளிக்கிழமை.

"அந்தப் பொட்டையே திரும்ப வச்சிருங்களேன்" என்றார். பெங்களூரில் ஏழு வருஷம்.

வைத்தேன். வெள்ளிக்கிழமை காலையில், நிறுத்தி வைத்திருந்த மிஷினில், போட்டோவைப் பார்த்துப் பார்த்துப் பதினோரு பொட்டு. கண்ணாடி போடப்போகிறவர் அந்த மிஷினில் வேலை பார்க்கும் அக்கா. சேத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர், நாற்பது வயது இருக்கும். அறுந்த நூலைப் பார்க்காமலே சேர்த்துவிடும் விரல்கள் அவருக்கு. அந்த விரல்களை நம்பித்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது.

"இம்புட்டுப் பாரத்தத் தலையில கட்டிக்கிட்டு எப்படிட்டி வேல பாக்குறது?" என்று என்னிடம் கேட்டபடியே தலையிலிருந்த பூவை எடுத்து வைத்துவிட்டு மாட்டிக்கொண்டார்.

நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் வினை நடந்துவிட்டது. பக்கத்து மிஷின் பெண்கள், வெள்ளிக்கிழமையும் அதுவுமாக ஒரு மிஷினுக்கு மட்டும் பொட்டு வைத்தால் நம் மிஷின் என்ன பாவம் செய்தது என்று, மிச்சமிருந்த குங்குமத்தை எடுத்துத் தங்கள் மிஷினுக்கும் அதே மாதிரி வைத்துவிட்டார்கள். அந்த மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. இனி கண்ணாடி அதையும் எங்கள் மிஷின் என்றே நினைத்துக்கொள்ளும். மேனேஜரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"மொதலாளி வந்துட்டாரு. பேசாம நில்லுங்க."

பேசாமல் நின்றேன். முதலாளி நாற்காலியில் அமர்ந்தார். மேனேஜர் எதிர்காலத்தைப் பற்றி ஐந்து நிமிஷம் ஆங்கிலத்தில் பொழிந்தார். அக்காவின் கண்ணாடியில் தெரிவது பக்கத்திலிருந்த டிவியிலும் தெரிந்தது. பச்சை அம்பு தடுமாறியது, நகர்ந்தது, ஓடுகிற மிஷினின் பல்சக்கர மூடியில் போய் நின்றது. 'மூடியைத் திறந்து, உள்ளே சேர்ந்துள்ள பஞ்சை எடுக்கவும்.' அது பழைய மிஷின். மூடியைத் திறந்தாலும் சக்கரம் நிற்காது. அக்காவின் கை மூடியைத் தொட்டது. நான் டிவியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்கா கையை எடுத்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றி முதலாளியைப் பார்த்தார்.

"ஓடுத மிஷினுக்குள்ள கைய விடச் சொல்லுதுய்யா இது. நான் விட மாட்டேன்."

"புதுசுல்லா சார், பயப்படுதாங்க" என்று மேனேஜர் சிரித்தார். முதலாளியும் சிரித்தார்.

மத்தியானம் கேன்டீனில் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏட்டி, அது தப்பாக் காட்டும்னு உனக்கு முன்னாலயே தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"அதான பாத்தேன். தெரிஞ்சா நீ சொல்லியிருப்பல்லா" என்று தன் வடையில் பாதியைப் பிட்டு நீட்டினார். வாங்கித் தின்றேன்.

சாயங்காலம் ஆபீஸில் மேனேஜர் சொல்லச் சொல்ல நான் ரிப்போர்ட் அடித்தேன். 'கருவி சரியாக இயங்கியது. பணியாளர் பயத்தினால் தயங்கினார். அவருக்குப் பயிற்சி தேவை.' மேனேஜரைத் திட்டுவது சுலபம். இவ்வளவு நேரம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். அன்றைக்கு அந்த மில்லில் பயந்து நின்றது அக்கா இல்லை. கடைசி வரியில் 'பரிசோதித்தவர்' என்று இருந்தது. அதற்கு நேரே என் பெயரை அடித்தேன்.