இடது பக்கத்துக் கடிகாரம்

கம்பெனியில் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர். ஒலிப்புத்தகம் தயாரிக்கிற கம்பெனி அது. வாசிப்பவர்கள் பதிவு செய்து அனுப்புவதை, அச்சுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாகக் கேட்டுப் பிழை சொல்வது அவர் வேலை. ஒருவர் எச்சில் விழுங்கினாலும் தெரியும், எங்கோ ஒரு நாற்காலி நகர்ந்தாலும் தெரியும். பாம்புக் காது என்று வாசிப்பவர்கள் பயந்தார்கள். அவர்களில் ஒருவரும் அவரை நேரில் பார்த்ததில்லை. பதினாலு வருஷமாக வீட்டிலிருந்தே வேலை. மூன்றாம் மாடியில் இரண்டு அறை, ஒரு மேசை, பழைய கணினி, காதை முழுக்க மூடுகிற ஹெட்போன். வயது ஐம்பத்தி நாலு. கல்யாணம் இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போய், பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே ஆள் இல்லாமல் நின்றுவிட்டது.

ஒரு திங்கட்கிழமை கம்பெனி மேற்பார்வையாளர் அம்மா போன் செய்தார். இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று என இரண்டு மைக் வைத்து, இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசிய நாடகம் ஒன்று வெளியாகியிருந்தது. அதன் எட்டாம் பகுதி முழுக்க இடது பக்கத்தில் ஒரு கடிகாரம் ஓடுகிறது என்று வாங்கியவர்கள் நாலு பேர் எழுதியிருக்கிறார்களாம். அந்தப் பகுதியைச் சரியென்று அனுப்பியது இவர்தான். அந்த அம்மா கோபப்படவில்லை. உங்களுக்கேவா தப்பிப்போச்சு என்று ஆச்சரியமாகத்தான் கேட்டார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

பழி கணினியின் மேல்தான் என்று அவர் முடிவு செய்தார். காரணமும் இருந்தது. ஹெட்போன் செருகும் துளை தேய்ந்திருந்தது. கொஞ்ச காலமாகவே பின்னால் உஸ்ஸென்று ஓர் இரைச்சல், இடது பக்கம் மங்கல். புதுக் கணினிக்கு வசதியில்லை. கணினிக்குள்ளிருக்கும் ஒலிப்பகுதியை ஒதுக்கிவிட்டு, யுஎஸ்பியில் செருகி வெளியிலேயே ஒலியை மாற்றித் தரும் சின்னக் கருவி ஒன்று உண்டு, விஷயம் தெரிந்தவர்கள் அதை டாக் என்பார்கள் என்று இணையத்தில் படித்தார். கைக்கு எட்டும் விலையில் நல்லதாக ஒன்று தேட ஆரம்பித்தார்.

அந்தத் தேடல் மூன்று வாரம் ஓடியது. ஒருவர் ஒரு கருவியில் கேட்டால் பாட்டு வெண்ணெயாய் உருகுகிறது என்றார். அதையே இன்னொருவர் தகர டப்பா என்றார். அவர் ஓர் இணைய மன்றத்தில் சேர்ந்து, தனக்குப் பாட்டு வேண்டாம், மனுஷக் குரல் போதும், இரைச்சல் மட்டும் கூடாது என்று எழுதிக் கேட்டார். அரைமணியில் ஆறு பதில். பெட்டி மாதிரிப் பெரிசாக, தனி மின்சாரத்தோடு வருவதை வாங்கச் சொன்னார்கள் இரண்டு பேர். அது யானைக்குத் தைத்த சட்டை, இவருக்கு விரல் நீளத்துக் கருவி ஒன்றே போதும் என்று பூனைப் படம் வைத்திருந்த ஒருவர் அவர்களோடு மல்லுக்கு நின்றார். காலையில் எழுந்ததும் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பது இவருக்கு வழக்கமாயிற்று. முதல் வாரத்திலேயே பதில் தெரிந்துவிட்டது என்பதுதான் உண்மை. ஆனாலும் ஹெட்போனின் மின்தடை எண் இத்தனை, அதற்கு இந்தக் கருவி போதுமா, ஒயர் நீளம் குறைந்தால் என்ன ஆகும் என்று புதுசு புதுசாகச் சந்தேகம் கேட்டுக்கொண்டேயிருந்தார். கேட்டால் யாராவது பதில் சொன்னார்கள்.

கடைசியில் பூனைப் படக்காரர் எழுதினார்: "விரல் நீளத்துல இருக்கே, அதையே வாங்குங்க. இதுக்கு மேல செலவு பண்ணா காதுக்கு வித்தியாசம் தெரியாது, பெருமைக்குத்தான் தெரியும்." அதற்குப் பிறகு கேட்க ஒன்றும் மிச்சமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அக்கா போன் செய்தாள். வேறு ஊரில் இருப்பவள். டாக் ஒன்று வாங்கப்போவதாக அவர் சொல்ல, "நாயா? நல்லதுதான், வீட்ல ஒரு துணையாச்சு" என்றாள். விளக்கிச் சொன்னார். ஓகோ என்றாள். ஐந்து நிமிஷத்தில் போனை வைத்துவிட்டாள். முன்பெல்லாம் ஒரு மணிநேரம் பேசுவாள். கொஞ்ச நாளாகவே இப்படித்தான்.

மறுநாள் கடைக்குப் போய் வாங்கிவந்து மாட்டினார். இரைச்சல் துடைத்து எடுத்த மாதிரிப் போயிருந்தது. வாசிக்கிறவர்களின் மூச்சுக்கூட உருவம் பெற்று நின்றது. ஒரு மணிநேரம் குழந்தை மாதிரிப் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டார். பிறகு எட்டாம் பகுதியைப் போட்டார்.

கடிகாரம் கேட்கவில்லை.

ஒலியைக் கூட்டினார், ஒயரை அழுத்திப் பார்த்தார். சந்தேகத்துக்கு ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டினார். டிக், டிக், டிக். வலது காதில், அவ்வளவு தெளிவாக. திருப்பி மாட்டினார், கடிகாரம் போய்விட்டது. இப்படி ஏழெட்டுத் தடவை. அப்புறம் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கருவியில் குற்றமில்லை, கணினியிலும் இல்லை.

காது டாக்டர் அவரைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்தார். சத்தம் கேட்கும்போது பட்டனை அழுத்த வேண்டும். வலது காதுக்கு விரல் ஓயாமல் அழுத்தியது. இடது காதின் முறை வந்ததும் விரல் பெரும்பாலும் சும்மா காத்திருந்தது. நரம்பு மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருக்கிறது, போனது போனதுதான், வலது நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர்.

"ரெண்டு வருஷமாவது ஆகியிருக்கும். வீட்ல யாரும் சொல்லலையா? வழக்கமா கூட இருக்கறவங்கதான் முதல்ல கண்டுபிடிப்பாங்க."

"கூட யாரும் இல்லைங்க."

டாக்டர் காகிதத்தில் ஏதோ எழுதினார்.

பஸ்ஸில் வரும்போது அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தார். இரண்டு வருஷமாக அவருடைய இடது பக்கத்தில் நின்று பேச ஓர் ஆள் இருந்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்காவைக் கூப்பிட்டார். வலது கை எப்போதும் மவுஸில் இருப்பதால் போனை இடது காதில்தான் வைப்பார், சரியாகக் கேட்காததை லைன் கோளாறு என்று விட்டுவிடுவார். அன்றைக்கு மாற்றி வைத்துக்கொண்டார். எல்லாவற்றையும் சொல்லிமுடித்தார்.

"போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை, மார்ல கட்டி இருக்கு, நாளைக்கு வெட்டி எடுக்கறாங்கன்னு உங்கிட்ட மெதுவா சொன்னேன்" என்றாள் அக்கா. "நீ 'சரி, நல்லது'ன்னு சொல்லி வெச்சுட்ட."

"அக்கா, நான் கேக்கவே இல்லக்கா."

"அது இப்பத்தானே தெரியுது. கல்லு மனசுக்காரன், இவன்கிட்டப் பேசி என்ன ஆகப்போகுதுன்னு நெனச்சேன்."

கட்டி சாதாரணக் கட்டிதானாம், பயமில்லை என்றார்களாம். மச்சான் அப்போது வெளியூரில் இருந்ததால் தனியாகப் போய்த் தனியாகத் திரும்பியிருக்கிறாள். மன்னிப்புக் கேட்டால் அவள் தனியாகப் பட்டது சின்னதாகிவிடும் போல அவருக்கு இருந்தது.

மேற்பார்வையாளர் அம்மாவிடமும் மறைக்கவில்லை. அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒற்றை மைக் பதிவு இரண்டு காதிலும் ஒன்றுதான் என்பதால், இரண்டு மைக் பதிவுகளை மட்டும் நேராக ஒருமுறை, ஹெட்போனைத் திருப்பி ஒருமுறை கேட்டு அனுப்பச் சொன்னார். வேலை இரட்டிப்பு, சம்பளம் அதேதான். சரியென்றார். மன்றத்தில், கருவி நன்றாக இருக்கிறது, நன்றி என்று மட்டும் எழுதினார். பூனைப் படக்காரர் ஒரு கட்டைவிரலைப் பதிலாகப் போட்டார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

அடுத்த ஞாயிறு அக்கா கூப்பிடும் நேரம் தாண்டிவிட்டது. கொஞ்சம் பார்த்துவிட்டு அவரே கூப்பிட்டார்.

"ஆஸ்பத்திரிக்குப் போனியே, அதை முதல்லேருந்து சொல்லு" என்றார்.

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லேன்."

அவள் சொன்னாள். முதல்நாள் மாலை தனியாகப் பை எடுத்துவைத்தது, பக்கத்துக் கட்டிலில் இருந்தவளின் குறட்டை, மயக்கம் தெளிந்ததும் யாரைக் கூப்பிடுவது என்று நர்ஸ் கேட்டபோது யார் நம்பரைச் சொல்வதென்று தெரியாமல் விழித்தது. அவர் கணினியை அணைத்துவிட்டு, நடுவில் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முக்கால் மணிநேரமாயிற்று. போனை வைத்தபின் மதியச் சோற்றைச் சூடு பண்ணி, நின்றுகொண்டே சாப்பிட்டார்.