மாத்திரைக்குக் கேக்காத கிருமி

தைலம் விற்கிறவனுக்குச் சரக்கு பாதி, வாய் பாதி. அதில் வாய்தான் சீக்கிரம் கெட்டுப்போகும். அரும்பாவூர்ப் பக்கம் எலுமிச்சைப்புல் போட்டு, கொப்பரையில் அவித்துத் தைலம் இறக்கி, பெரம்பலூர், அரியலூர் பஸ்களில் விற்கிற எனக்கு இது புரிய எழுபது வயது தாண்ட வேண்டியிருந்தது. பொய் சொல்லிச் சரக்கை விற்றுவிட்டு, அந்தப் பொய்யோடு தனியாக மாட்டிக்கொண்ட சக வியாபாரிகளே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் விளங்கும்.

மாட்டின் பெருமூச்சு

ஒருநாள் அரியலூர் பஸ்ஸில் கொஞ்சம் அதிகமாகவே அவிழ்த்துவிட்டேன். "எங்க புல்லைத் தின்ன மாடு ஒருதரம் பெருமூச்சு விட்டா நாலு ஊருக்குக் கொசு கிடையாது. போன மழைக்கு ஒரே ஒரு கொசு வழி தப்பி வந்துச்சு. மாட்டைப் பாத்துட்டு, இதே பஸ்ஸுலதான் ஏறித் திரும்பிப் போச்சு."

பஸ்ஸே சிரித்தது. முந்திரிக்கொட்டை மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஜெயங்கொண்டத்து அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. பாட்டிலை வாங்கி முகர்ந்தார், திருப்பிக் கொடுத்தார். "பாட்டில் வேணாங்க. அந்த மாடு என்ன விலைன்னு சொல்லுங்க."

காது கேட்குமா?

பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் கிருமிப் பாடம் நடத்தும் டீச்சரம்மா, மாணவர்களின் சோதனைக்கு என்று என் தைலத்தை வாங்கினார். இரண்டு நாள் கழித்துப் போனபோது ஒரு சின்னக் கண்ணாடித் தட்டைக் காட்டினார். அதில் பாலாடை மாதிரி கிருமி படர்ந்திருந்தது. நடுவில் என் தைலத்தில் நனைத்த பொட்டளவு காகிதம். அதைச் சுற்றி மட்டும், துணியால் துடைத்த மாதிரி சுத்தமாக ஒரு வளையம். "பல மாத்திரைக்குக் கேக்காத கிருமிங்க இது. உங்க தைலத்துக்குக் கிட்ட வரல" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

"தட்டுல சாகுறது வேற, உடம்பு வேறங்கய்யா. புண்ணுல கிண்ணுல ஊத்தச் சொல்லிடாதீங்க" என்றும் சொன்னார். நான் அதைக் காதில் வாங்கவில்லை. முந்தின பேச்சிலேயே நின்றுகொண்டிருந்தேன். "ஏம்மா, கேக்காதுன்னா, அதுக்குக் காது மந்தமா?" என்றேன். டீச்சரம்மா சிரித்துவிட்டார். "ஆரம்பத்துல நல்லாத்தாங்க கேட்டுச்சு. அஞ்சு நாள் மாத்திரையை ரெண்டு நாள்ல நிறுத்தி நிறுத்தி, நாமதான் செவிடாக்கி வச்சிருக்கோம்."

படம் காட்டினேன்

கையில் படம் வந்தபிறகு என் வாயைக் கேட்க வேண்டுமா! "மூடியைத் திறந்தேன், அவ்வளவுதான். கிருமியெல்லாம் எந்திரிச்சு, வட்டமா ஒதுங்கி நின்னு எனக்கு வழி விட்டுச்சு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டும் தங்கராசு என் பழைய வாடிக்கை. சர்க்கரை வியாதிக்காரன். வலது கால் பெருவிரல் பக்கம் புண். மருந்துக்கடை மாத்திரை கேட்கவில்லை. பெரியாஸ்பத்திரியில் வந்து படுக்கச் சொல்லியும் போகவில்லை; காலை எடுத்துவிடுவார்கள் என்று பயம். பிரேக் மிதிக்கிற கால் அது. போனால் லாரியும் போச்சு. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். "அங்க போனா கத்தியக் காட்டுவாங்க. நீங்க வளையத்தைக் காட்டுறீங்க. ரெண்டு பாட்டில் குடுங்க மாமா" என்றான். கொடுக்கும்போது என் கை கொஞ்சம் தயங்கியது, வாய் தயங்கவில்லை.

வந்துவிட்ட வளையம்

அடுத்த வாரம் அவன் வீட்டு வாசலில் கால் வைத்ததுமே, "மாமா, வளையம் வந்துடுச்சு!" என்று கத்தினான். நாற்காலியில் காலைத் தூக்கி வைத்திருந்தான். புண்ணைச் சுற்றிச் செக்கச்செவேலென்று ஒரு வட்டம். கால் வீங்கி, தொட்டால் கொதித்தது. கிருமி செத்த வளையம் என்று அவன் கொண்டாடியது, கிருமி பரவுகிற சிவப்பு. என் தைலம் சுட்டதும் சேர்ந்திருந்தது.

"மாப்ள, கிருமி ஒதுங்கல, ஏறிக்கிட்டு வருது. நான் சொன்னதெல்லாம் கதை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு" என்றேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். இதையும் ஒரு கதையாகத்தான் எடுத்துக்கொண்டான். டீச்சரம்மாவுக்குப் போன் போட்டு, விஷயத்தைச் சொல்லி, ஸ்பீக்கரில் வைத்தேன். "ஆஸ்பத்திரியிலயும் வளையம்தாங்க பாப்பாங்க. உங்க புண்ணுல இருந்து கிருமிய எடுத்து, தட்டுல வளத்து, ஒவ்வொரு மருந்தா வச்சுப் பாப்பாங்க. எதுக்குக் கேக்குதோ அதைப் போடுவாங்க. இன்னைக்கே போங்க" என்றார். தங்கராசு சிரிப்பை நிறுத்தினான். அதற்குள் அவன் மனைவி மலர்க்கொடி துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். "எப்பப் பாத்தாலும் ஒரே மூஞ்சி பெரியப்பா. உண்மையச் சொல்றப்பவாச்சும் அதைக் கொஞ்சம் மாத்தி வச்சுக்கக் கூடாதா?"

ஆஸ்பத்திரிக் கட்டில்

தட்டில் ஒரே ஒரு ஊசிமருந்துக்கு நல்ல வளையம் வந்ததாம். அதைப் போட்டார்கள். கால் தப்பியது, பெருவிரலுக்குப் பக்கத்து விரல் மட்டும் போயிற்று. கொய்யாப்பழப் பையோடு போய், வாய் திறக்காமல் கட்டில் ஓரம் உட்கார்ந்தேன். நான் பேசாமல் இருந்து அவன் பார்த்ததே இல்லை. அவனுக்கே பாவமாகிவிட்டது போலிருக்கிறது. என் முழங்காலைத் தட்டினான். "விடுங்க மாமா, கிருமி ஊசிக்குக் கேட்டுடுச்சு. உங்க பேச்சைக் கேட்டது அந்த ஒரு விரல்தான், அது போயிடுச்சு."

என் தைலம் தலைவலிக்கு இதமாக இருக்கிறது, வீடு துடைத்தால் மணக்கிறது. புண் என்று காலை நீட்டுகிறவர்களுக்கு மட்டும் ஆஸ்பத்திரி பஸ்ஸைக் காட்டுகிறேன், அதையும் பொய் என்று நினைத்துவிடுவார்களோ என்று கூடவே நானும் ஏறிக்கொள்கிறேன்.