மஞ்சள் வைத்த பல்புகள்

வேம்புலியம்மாள் அதிர்ந்து பேசி யாரும் கேட்டதில்லை. யுத்த காலம் அது. கோவில்பதாகையிலிருந்து ஆவடிப் பட்டாளத்து கேண்டீனுக்குத் தினமும் நடந்தே வருவாள். அங்கே கிடங்கு கட்டும்போது சாரம் சரிந்து புருஷன் உலகநாதன் செத்தான். அதன் பிறகு கிடைத்த வேலை இது. பெருக்கித் துடைப்பாள், சிப்பாய்கள் விளையாடும் குண்டாட்டப் பெட்டியையும் பார்த்துக்கொள்வாள்.

அந்தப் பெட்டிக்குள் நெல்லிக்காய் அளவுகூட இல்லாத பல்புகள் எரியும். நடுவே இரும்புக் குண்டு துள்ளி ஓடிக் கம்பிச் சுருள்களில் மோதும். தோற்கிற சிப்பாய் பெட்டியையே பிடித்து உலுக்குவான். பல்புகள் சில நாளிலேயே கறுத்து அணைந்துவிடும். அணைந்ததைக் கொடுத்தால்தான் ஸ்டோர்கீப்பர் வீரராகவன் புதிது தருவார்.

அந்த வாரம் எட்டாவது முறையாக அவள் வந்து நின்றபோது அவர் வெடித்தார்.

"இன்னாம்மே, வெளையாடுறியா? நான் குடுத்தது பளிங்காட்டம் கீது. நீ கொண்டாறது அடுப்புல போட்டு எடுத்தாப்புல கீது. நல்லத பூந்தமல்லில வித்துட்டு, எங்கியோ பொறுக்கினத எங்கைல குடுக்குற. திருடி! நாளைலேர்ந்து கேட்டாண்ட வராத."

சமையற்கட்டே திரும்பிப் பார்த்தது. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த கெங்கம்மாள் சும்மா இருக்கவில்லை. "திருடல்லாம் இல்ல சாமி. தாலியறுத்தவ கை பட்டா வௌக்கு எரியுமா?"

வேம்புலிக்குள் திருடி என்ற சொல்லைவிட இது ஆழமாக இறங்கியது. ஏனென்றால், அவளும் அதைத்தான் நம்பியிருந்தாள்.

பெட்டியைப் பழுது பார்க்க வந்திருந்த மெக்கானிக் நாகேந்திரன் கறுத்த பல்பு ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"யார் கை பட்டாலும் இது கறுக்கும் கெங்கம்மா. உள்ள கீற கம்பி தலமயிரவிட மெல்லிசு. எரியசொல்ல கொஞ்சங்கொஞ்சமா ஆவியாப் போவுது. அந்த ஆவிதான் கண்ணாடில கறுப்பா ஒட்டிக்குது. இளைச்ச எடத்துல சூடு ஏறும், இன்னும் இளைக்கும். இவனுங்க உலுக்குற உலுக்குல அங்கியே அறுந்துடும்."

"என் கையால இல்லியா அண்ணாத்தே?" என்றாள் வேம்புலி.

"உன் கை இன்னாம்மா பண்ணுச்சு? நான் மாட்டினாலும் இதே கதிதான்."

வீரராகவன் விடவில்லை. "கறுக்கட்டும்யா. இது நான் குடுத்த பல்புதான்னு இன்னா சாட்சி?"

சாட்சி இருந்தது. அதைச் சொன்னால் ஊர் சிரிக்கும் என்றுதான் இத்தனை நேரம் வாயை மூடியிருந்தாள். இப்போது தலையை நிமிர்த்தினாள்.

"அடில பித்தளையப் பாருங்க சாமி. ஒவ்வொண்ணுலயும் மஞ்சப் பொட்டு வெச்சுகீறேன். என் தோஷத்தாலதான் அணையுதுன்னு நெனச்சு, யாருக்கும் தெரியாம வெச்சுதான் மாட்டுவேன்."

வீரராகவன் அந்த வாரம் அவளிடம் வாங்கிய பழைய பல்புகளைப் போட்டுவைத்த டப்பாவைக் கவிழ்த்தார். நாகேந்திரன் கையிலிருந்ததோடு எட்டு பல்பு. எட்டிலும் பித்தளையில் சூட்டில் காய்ந்து ஒட்டிய மஞ்சள் கறை. மாட்டியபின் பெட்டிக்குள் மறைந்துவிடும் இடம் அது. வெளிச்சம் படாததால் வெளுக்கவில்லை.

கெங்கம்மாள் தலையைக் குனிந்து மறுபடி பாத்திரம் தேய்க்கத் தொடங்கினாள்.

வீரராகவன் புது பல்பை நீட்டினார். வேம்புலி வாங்கவில்லை. கண்ணீர் வழிந்தது; ஆனாலும் நகரவில்லை.

"எல்லாரும் கேக்கத்தான சாமி திருடின்னீங்க?"

வீரராகவன் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். "நீ எடுக்கல. நான் சொன்னது தப்பு."

பிறகுதான் கை நீட்டினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, அத்தனை பேர் பார்க்க, இந்த முறை சாட்சிக்காகவே, புது பல்பின் அடியில் மஞ்சள் வைத்தாள். பெட்டியைத் திறந்து மாட்டினாள்.