லாட்ஜில் போட்ட ஊசி

கல்யாணமான புதிது. ஆவடி குவார்ட்டர்ஸில் நானும் கணவரும் மட்டும்தான். திடீரென்று ஒருநாள் அவர் பாயை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார். காரணம் கேட்டால், "ஃபேக்டரில வேல ஜாஸ்தி, அசதியா கீது" என்பார். என்னைப் பிடிக்கவில்லை என்றே நினைத்தேன். அவர் வேலைக்குப் போனதும், பேச ஆளில்லாமல் ரேடியோவைப் பாடவிட்டு அழுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குளியலறையில் மயங்கி விழுந்துவிட்டார். உடம்பு அனலாய்க் கொதித்தது. லுங்கியில் சீழும் ரத்தமும். பக்கத்து வீட்டு அண்ணன் ஓடிப்போய் ஆட்டோ பிடித்துவந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அதட்டிய பிறகுதான் கணவர் வாயைத் திறந்தார். பூந்தமல்லி லாட்ஜில் தங்கியிருந்த ஒருவன், ஆணுறுப்பைப் பெரிதாக்குவதாகச் சொல்லி எண்ணெய் மாதிரி எதையோ ஊசியில் ஏற்றியிருக்கிறான்.

"அது கரையாதும்மா. உள்ளயே தங்கி சதையை அழுக வெச்சிடும். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா உயிருக்கே ஆபத்து" என்றார் டாக்டர். அழுகிய சதையை வெட்டி எடுத்தார்கள்.

கண்விழித்ததும் அவர், "உனக்கு நான் போதலையோன்னு பயந்துகினே இருந்தேன்" என்றார்.

"என்னாண்ட ஒரு வார்த்த கேட்ருக்கக் கூடாதாங்க?" என்றேன். இருவருமே அழுதோம்.

பிழைத்துவிட்டார். தழும்பும் அவ்வப்போது வலியும் இருக்கின்றன. இப்போது எதுவானாலும் முறையாகப் படித்த டாக்டரிடம் சேர்ந்தே போகிறோம். நர்ஸ் வெளியே இருக்கச் சொன்னாலும் நான் எழுந்திருப்பதில்லை. கூச்சத்தில் அவருக்கு வராத வார்த்தையை நான் சொல்லிவிடுகிறேன்.