ரத்தம் வராத ஈறு

எனக்கும் என் சகலைக்கும் ஒரே வாரத்தில் பல் வைத்தார்கள். எங்கள் மனைவிமார், அக்காளும் தங்கையும் பேசி முடிவெடுத்து, ஓசூரில் ஒரே டாக்டரம்மாவிடம் எங்களை இழுத்துக்கொண்டு போனார்கள். தாடை எலும்பில் டைட்டானியம் திருகை இறக்கி, எலும்பு அதைப் பிடித்துக்கொண்ட பிறகு மேலே பல்லை மாட்டுகிற இம்ப்ளான்ட். எனக்கும் கீழ்க் கடைவாய், அவருக்கும் கீழ்க் கடைவாய். அதிலும் எனக்குப் போட்டி!

அவர் அந்த வீட்டு மாப்பிள்ளை ஆன நாளிலிருந்தே எனக்கு வயிற்றெரிச்சல்தான். நான் சிப்காட்டில் மெயின்டெனன்ஸ் ஃபிட்டர். என்னைவிட வயதில் இளையவர், ஆனாலும் அவர் சூப்பர்வைசர். குருபரப்பள்ளியில் மாமியார் கறிக்குழம்பு பரிமாறினால் எனக்கு எலும்பு விழும், அவருக்கு ஈரல் விழும்.

சிகரெட்டை விடச் சொன்னார் டாக்டரம்மா. இரண்டு பேரும் தலையாட்டிவிட்டு இழுத்துக்கொண்டுதான் இருந்தோம். மறு வருஷம் புரட்டாசியில் சகலை கறியோடு சிகரெட்டையும் நிறுத்தினார். மாதம் முடிந்து கறியைத் தொட்டார், சிகரெட்டைத் தொடவில்லை. வீடே அவரைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடியது. எனக்கு எப்படி இருக்கும்? அந்த எரிச்சலில் கூடுதலாக இரண்டு தம் போட்டேன்.

தீபாவளிக்கு மாமியார் வீட்டில் இருந்தோம். காலையில் குழாயடியில் பல் துலக்கும்போது சகலை துப்பினார். நுரை சிவப்பாக இருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன்.

"என்ன சகல, ரத்தமா வருது? என்னைப் பாருங்க, ஒரு சொட்டு இல்ல. லீக் ஆகலேன்னா சீல் நல்லா இருக்குன்னு அர்த்தம். சிகரெட்டை விட்டு என்ன புண்ணியம்!"

அன்று முழுக்க இதையே வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னேன். பயந்துபோன கொழுந்தியாள் மறுநாளே அவரை டாக்டரம்மாவிடம் கிளப்பினாள். "நீங்களும் ஒரு தடவ காட்டிட்டு வாங்க" என்று என் மனைவி என்னையும் ஏற்றிவிட்டாள். நானும் வேடிக்கை பார்க்கிற மாதிரிதான் போனேன்.

சகலைக்கு எலும்பு நன்றாக இருந்தது. டாக்டரம்மா ஈறைச் சுத்தம் செய்து அனுப்பினார். அடுத்து நான் வாயைத் திறந்தேன். எனக்கு வைத்த பல்லை விரலால் மெல்லத் தள்ளினார். ஆடியது. எக்ஸ்ரேயில் திருகைச் சுற்றி எலும்பு குழி விழுந்து கிடந்தது.

"எனக்கு ரத்தமே வரலீங்களே மேடம்!"

"அதுதாங்க பிரச்சனையே. பொகை ரத்தக் குழாயைச் சுருக்கிடும். கிருமியோட சண்டை போடுற அணுவெல்லாம் ரத்தத்துலதான் வரணும். வந்தாலும் பொகை அதை ஒழுங்கா வேலை செய்ய விடாது. ஈறு கெட்டாலும் செவக்காது, ரத்தம் வராது. எலும்பு மட்டும் உள்ளுக்குள்ள கரைஞ்சிட்டே இருக்கும். அவர் சிகரெட்டை விட்டார், ரத்த ஓட்டம் திரும்புது, ஈறு வெளிய காட்டிக் குடுக்குது."

எண்ணெயே போய்ச் சேராத மெஷினில் லீக் எங்கிருந்து வரும்? இருபது வருஷமாக ஃபிட்டர் வேலை பார்க்கிறேன், இது எனக்கு உறைக்கவில்லை.

திருகைக் கழற்றிவிட்டார்கள். பெரிதாகச் சிரமப்படவும் இல்லை. "சிகரெட்டை விட்டுட்டு வாங்க, எலும்பு ஆறட்டும். மறுபடி வைக்க முடியுமான்னு அப்பறம் பாக்கலாம்" என்றார்.

அன்றைக்கே விட்டேன். டாக்டரம்மாவுக்குப் பயந்து அல்ல. சகலையிடம் இருந்தது என்னிடம் இல்லையே என்ற ஆத்திரம். அவருடைய சம்பளத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன், ஈரலைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஒரு மனிதன் துப்பிய ரத்தத்துக்குப் பொறாமைப்பட்டது அப்போதுதான். தினமும் காலையில் மிச்சப் பல்லைத் துலக்கி வாஷ்பேசினில் துப்பிவிட்டுக் குனிந்து பார்ப்பேன். வெள்ளையாகவே இருக்கும்.

பொங்கல் கழிந்த மறுநாள் பார்த்தேன், சிவப்பு! வாயைக்கூடக் கொப்புளிக்காமல் போனை எடுத்தேன்.

"சகல, எனக்கும் ரத்தம் வந்துடுச்சு!"

"அப்படிங்களாண்ணா! ரொம்ப சந்தோஷம். சீக்கிரம் போயி சுத்தம் பண்ணிக்கங்க. எனக்கு நின்னு ரெண்டு மாசம் ஆச்சுங்க. நேத்து கரும்பே கடிச்சேன், பல்லு வெச்ச பக்கமே!"

போனை வைத்தேன். ஒரு தம் போடச் சொல்லிக் கை துறுதுறுத்தது. போடவில்லை. கரும்பு கடித்தானாம், கரும்பு!